நான் ஆய்வாளராக இருந்த நாலு நாள்

என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் லஞ்சம் வாங்கியிருக்கிறேன். வாங்கியபோது அது லஞ்சம் என்று எனக்குத் தெரியாது. "ஜனங்களுக்கு என் மேல என்ன பிரியம் பார்!" என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மெரூன் நிறத்தில், மூன்று ஜிப் வைத்த கைப்பை அது. இன்னமும் என் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் காது சூடாகிவிடும்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மும்பையில், மாதுங்காவில் பிறந்து மாதுங்காவிலேயே வளர்ந்தவள். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் படிப்பதென்றால், ஓடுகிற ஃபாஸ்ட் லோக்கலிலிருந்து ஸ்டேஷன் பெயரைப் படிக்கிற கதைதான். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் கிடைக்கும், நடுவில் இருப்பதை யூகித்துக்கொள்வேன். இந்த லட்சணத்தில் எனக்கு செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தமிழ் தெரியும் என்பதுதான் என் தகுதி.

வேலை சின்ன வேலை இல்லை. வள்ளியூருக்குத் தெற்கே ஒரு கிராமம், வானம் பார்த்த பூமி. அங்கே பதினாறு பெண்கள் ஆறு மாதம் தையல் பயிற்சி முடித்துவிட்டு, தைக்க மெஷின் இல்லாமல், மெஷின் வந்தாலும் தைக்க வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதே ஊர்க்காரர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் தாராவியில் பை தைக்கும் கார்கானா (பட்டறைதான்) நடத்துகிறார்கள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட முடியுமா, எந்த மாதிரிப் பைகளை ஊரில் கொடுத்துத் தைத்து வாங்கலாம், லாரிச் செலவுக்குக் கட்டுபடியாகுமா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஓர் அறக்கட்டளை மெஷின்கள் தரத் தயாராக இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பத்து கார்கானாக்காரர்கள் "நாங்கள் வேலை தருகிறோம்" என்று கையெழுத்துப் போட்டுத்தர வேண்டும். இல்லாவிட்டால் மெஷின்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

என் மேலதிகாரி தேஷ்பாண்டே மேடம் திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, எனக்குப் புரியவேண்டுமே என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் இரண்டு தடவை சொன்னார். "காகிதத்தில் எழுதுகிற ஆராய்ச்சி காகிதத்தோடு போய்விடும் மைதிலி. இது பதினாறு பேருடைய வேலை. அவர்கள் மொழியிலேயே ஓர் அடையாள அட்டை போட்டுக்கொண்டு போ. நம்பிக்கை வரும்."

அட்டையில் என்ன எழுதுவது? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அப்பா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் விஷயத்தில் மட்டும் இன்னும் டியூட்டியில் இருப்பவர்.

"ரிசர்ச்சருக்கு நல்ல தமிழ்ல என்னப்பா?"

"ஆராய்ச்சியாளர்னு போடலாம். ஆனா அட்டையில இடம் பத்தாது." அகராதியைப் புரட்டினார். "ஆய்வாளர்! எப்படி இருக்கு? சுருக்கமா, கம்பீரமா!"

சமையலறையிலிருந்து அம்மா, "அது வேற யாரையோ சொல்றாப்ல இருக்கே" என்றாள்.

"நீ ரசத்தைப் பார்" என்றார் அப்பா.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள். அப்பாவும் பரம்பரை மாதுங்காவாசி. தமிழ்நாட்டுக்குப் போனால் கோயிலுக்குப் போவார், கல்யாண மண்டபத்துக்குப் போவார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை. போயிருந்தால், இன்ஸ்பெக்டர் அறை வாசலில் இதே வார்த்தையை எழுதித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பார். போலீஸ் மட்டுமா? சுகாதார இன்ஸ்பெக்டர், தொழிலாளர் இன்ஸ்பெக்டர், மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் என்று ஊரை மிரட்டுகிற அத்தனை பேரும் அங்கே 'ஆய்வாளர்'தான்.

ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அட்டை தயாரானது. 'ஊரக வளர்ச்சி' என்பது சின்ன எழுத்தில். என் பெயர் அதைவிடச் சின்ன எழுத்தில். நடுவில் 'ஆய்வாளர்' மட்டும் சினிமா போஸ்டர் அளவுக்கு. லேமினேட் செய்து சிவப்பு நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அதற்கு மேட்சாக, தள்ளுபடியில் வாங்கிய புதுக் குர்தா. கடைக்காரர் அதைச் சந்தன நிறம் என்றார். நானும் நம்பினேன். (காக்கிதான். வேறென்ன?)

செவ்வாய்க்கிழமை காலை தாராவி. நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பியபோது தையல் மெஷின்களின் சத்தம் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி கேட்டது. பத்தடி நடந்தேன். எங்கிருந்தோ ஒரு குரல், "லைட் பந்த் கர்!" (ஸ்விட்சை அணை!) என்றது. மழை நின்றுவிட்டது.

பட்டியலில் முதல் பெயர் அந்தோணி அண்ணாச்சி. ஸ்கூல் பை தைப்பவர். கதவு திறந்திருந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்தபடி முதல் வார்த்தையிலேயே என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

"வணக்கம். நான் ஆய்வாளர்."

அதற்குப் பிறகு நான் பேசிய ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை என்பது இப்போது தெரிகிறது. அட்டையைப் பார்த்தார், குர்தாவைப் பார்த்தார். "வாங்கம்மா, உள்ள வாங்க. ரோஸி, அம்மாவுக்கு ஒரு கலர் ஒடைச்சிக் குடு" என்றார். அவர் மனைவி ரோஸி அக்கா ஆரஞ்சு நிற சோடாவோடு வந்தார்.

"இங்க கார்கானா இருக்கோல்லியோ?" என்றேன்.

"கார்கானாவா? இது வீடும்மா."

தரையில் பதினொரு ஆண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் சட்டையிலும் நூல் ஒட்டியிருந்தது.

"இவாள்லாம் யாரு?"

"மச்சான்மாரு. ஊர்ல இருந்து பாக்க வந்திருக்காவ."

"பதினொரு பேருமா?"

"எம் பொண்டாட்டிக்கி கூடப்பொறந்தவிய ஜாஸ்தி."

கடைசி வரிசையில் இருந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். "தர்பங்கா, மேடம்" என்றார் இந்தியில். அண்ணாச்சி கண்ணிமைக்காமல், "அவர மட்டும் சின்னதுலயே பீகாருக்குத் தத்துக் குடுத்துட்டாவ" என்றார். நான் படிவத்தில் 'குடும்ப அமைப்பு: சிக்கலானது' என்று எழுதினேன்.

அறையின் நடுவில் ஒரு மேடை. மேலே வெள்ளை லேஸ் துணி, துணியின் மேல் மாதா படம், முன்னால் அப்போதுதான் ஏற்றிய மெழுகுவர்த்தி. சாமி இருக்கிற இடத்தில் செருப்போடு நிற்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். படம் கிடுகிடுவென்று நடுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"பக்கத்துல ரயில் போவுதுல்லா, அதாம்மா" என்றார் ரோஸி அக்கா.

ரயில் பாதை அங்கிருந்து நல்ல தூரம். துணிக்கு அடியில் இருந்த மெஷினின் மோட்டாரை அவசரத்தில் யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன்? 'ரயில் அதிர்வு: மிக அதிகம்' என்று எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது ரோஸி அக்கா அந்த மெரூன் பையை என் கையில் திணித்தார். "சும்மா வச்சிக்கிடுங்கம்மா." நானும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் அண்ணாச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒரு ரெண்டு நாளைக்கி மட்டும் இந்தப் பக்கம் வராம பாத்துக்கிடுங்கம்மா. செம்பூர் காலேஜ்ல இருந்து ஒரு ஆராய்ச்சி மேடம் வாராவ. ஊர்ல இருந்து எந் தங்கச்சி போன்ல சொல்லிருக்கா. அவிய வர்ற நேரத்துல நீங்க இங்க நின்னா நல்லா இருக்காது."

செம்பூரிலிருந்து இன்னொரு ஆராய்ச்சி மேடமா? என் தலைப்பில், என் சந்தில், என் மச்சான்மாரிடம்? ஆராய்ச்சி உலகத்தில் ஒருத்தர் யோசனையை இன்னொருத்தர் களவாடுவது சகஜம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இத்தனை சீக்கிரம் எனக்கே நடக்கும் என்று நினைக்கவில்லை. அதோடு, இந்த ஜனங்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் வந்தது. அன்று இன்னும் நாலு வீடுகளுக்குப் போனேன். எல்லா வீட்டிலும் மச்சான்கள், எல்லா வீட்டிலும் நடுக்கூடத்தில் மேடை. மொத்தம் இரண்டு மாதா, இரண்டு முருகன், ஓர் அந்தோணியார். ஒன்றுவிடாமல் கும்பிட்டேன்.

புதன்கிழமை மேடம் என் படிவங்களைப் பார்த்தார். அவருக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"கார்கானா: இல்லை. வேலையாட்கள்: இல்லை. விருந்தாளிகள்: நாற்பத்தேழு. யே க்யா ஹை, மைதிலி? தாராவிக்குப் போனாயா, மாதுங்காவில் காபி குடித்துக்கொண்டே எழுதினாயா?"

போனதற்கு அத்தாட்சியாகத் தோளில் இருந்த பையைக் காட்டினேன். மேடம் ஜிப்பைத் திறந்து உள்தையல் வரை இழுத்துப் பார்த்தார். "நன்றாகத் தைத்திருக்கிறார்களே. யார் தைத்தது?"

"தெரியாது மேடம். அங்கே யாரும் தைப்பதில்லை."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் அவசரமாக அந்த மர்ம மேடத்தைப் பற்றிச் சொன்னேன். "யாரென்று கண்டுபிடி. வெள்ளிக்கிழமை ஆறு மணி, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

கண்டுபிடித்துவிட மாட்டேனா? புதன் மதியத்திலிருந்து வியாழன் முழுக்க அண்ணாச்சி வீட்டுக்கு எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உளவு பார்த்தேன். அதே காக்கி (பெருமை விடவில்லை, ராத்திரி துவைத்துக் காயப்போட்டுக் காலையில் போட்டுக்கொண்டேன்), அதே அட்டை. கைப்பையோடு சந்துக்குள் நுழைகிற பெண்களையெல்லாம் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். அதுவும் அன்புதான் என்று நினைத்து ஏழு டீ குடித்தேன். இரண்டு நாளும் சந்தில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. மச்சான்மார் வாசலில் கேரம் ஆடினார்கள். காயை அடிக்குமுன் என்னை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். 'இப்பகுதியில் வேலையின்மை கடுமையாக உள்ளது' என்று டைரியில் எழுதினேன். அந்த வேலையின்மை நான் வந்து உட்கார்ந்ததால் வந்தது என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. கையெழுத்து ஒன்றுகூட இல்லை. அந்த மேடமும் வரவில்லை. பொறுமை இழந்து எழுந்து அண்ணாச்சி வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்படியிலிருந்து ரோஸி அக்கா என்னைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"ஏம்மா, எங்கள என்னதான் செய்யணும்ங்கிய? ரெண்டு நாளா மெஷின் ஓடல. ஸ்கூல் தொறக்கதுக்குள்ள சரக்கு போவணும். கலர் குடுத்தாச்சி, பை குடுத்தாச்சி. வேற என்ன வேணும், வாயத் தொறந்து சொல்லுங்க!"

"நீ சும்மா இரு ரோஸி" என்று அண்ணாச்சி முன்னால் வந்தார். "சரக்கு போனா போவுதும்மா. அந்த ஆராய்ச்சி மேடம் உங்களப் பாத்து பயந்துதான் சந்துக்குள்ளயே வரல. இன்னைக்கிதான் கடைசி நாளு. எந் தங்கச்சியும் அங்க பதினஞ்சி பிள்ளைவளும் மெஷின் வருமின்னு காத்துட்டிருக்காவ. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

பதினாறு என்ற கணக்கு என் மண்டையில் இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. எனக்கு என் போட்டியாளர்தான் முக்கியம்.

"அந்த மேடம் பேர் என்ன? இப்பவே சொல்லுங்கோ!"

அண்ணாச்சி சுவரில் தொங்கிய காலண்டரில் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். "மைதிலி."

என்ன துணிச்சல்! என் ஆராய்ச்சியைத் திருடியது போதாதென்று என் பெயரையுமா திருடுகிறாள்? சத்தியமாக இதுதான் எனக்கு முதலில் தோன்றியது. இரண்டாவது எண்ணம் வந்து சேர அரை நிமிஷம் பிடித்தது.

"நான்தான் மைதிலி" என்றேன்.

"நீங்க இன்ஸ்பெக்டர்லா?"

"இன்ஸ்பெக்டரா? யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னிய!" அண்ணாச்சி என் கழுத்தைக் காட்டினார். "எழுதித் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்கியளே!"

அட்டையைத் திருப்பி முதல்முறையாக ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். ஊரில் இன்ஸ்பெக்டரைத்தான் அப்படி எழுதுவார்கள் என்று அண்ணாச்சி விளக்கம் சொன்னார். ஏன் பயந்தார்கள் என்பதையும் சொன்னார். வீட்டு மீட்டரில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் உண்டு, பரணை ஒரு அடி கூட்டிக் கட்டியவர்கள் உண்டு, தாராவியையே இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சில் 'கார்கானா' என்று எழுதிக்கொடுத்தால் குடியிருக்க ரூம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தவர்களும் உண்டு. எந்த இன்ஸ்பெக்டரும் நல்லதுக்கு வந்ததாக அந்தச் சந்தில் சரித்திரம் இல்லை. முதலில் சிரித்தவர் தர்பங்கா மச்சான். பிறகு பதினொரு பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன்.

"அழாதீய. மணி என்ன ஆவுது பாருங்க" என்று ரோஸி அக்கா மாதா படத்தைப் பத்திரமாக எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, லேஸ் துணியை உருவினார். அண்ணாச்சி முதல் கையெழுத்தைப் போட்டார்.

மீதி ஒன்பது கையெழுத்துக்கு அண்ணாச்சியே என்னைக் கூட்டிக்கொண்டு சந்தில் இறங்கினார். அங்கேதான் அடுத்த சிக்கல். காக்கி குர்தா முன்னால் நடக்க, தலையைக் குனிந்துகொண்டு அண்ணாச்சி பின்னால் வருவதைப் பார்த்த சந்து வேறுமாதிரி புரிந்துகொண்டது. "அந்தோணி அண்ணாச்சிய புடிச்சிட்டாவ!" என்று ஒரு சத்தம். படபடவென்று ஷட்டர்கள் விழுந்தன.

அண்ணாச்சி ஊரிலிருந்த தங்கைக்குப் போன் போட்டார். மரியசெல்வி என்று பெயர். விஷயத்தைக் கேட்டதும், "ஸ்பீக்கர்ல போடு அண்ணே" என்றார் அவர். மூடிய முதல் ஷட்டருக்கு முன்னால் போனைப் பிடித்தோம்.

"ஏ சூசை! நாந்தான் மரியசெல்வி பேசுதேன். அது இன்ஸ்பெக்டரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, காலேஜ் பிள்ள. வெவரம் கெட்ட பிள்ள, அவ்வளவுதான். இங்க பீடி சுத்திச் சுத்தி எங்க வெரலு தேஞ்சி போச்சி. பதினாறு பேரும் தையல் படிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கோம். இன்னைக்கி நீ கையெழுத்துப் போடலன்னு வையி, திருநாளுக்கு ஊருக்குள்ள எப்பிடிக் கால் வைக்கன்னு நான் பாக்கேன்!"

ஷட்டர் ஓர் அடி உயர்ந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து, "பேனா இருக்கா?" என்றது.

அப்படியே வீடு வீடாகப் போனோம். எல்லோருக்கும் தனித்தனித் திட்டு. யார் பெயர் எது, யாருக்கு எந்தத் திருநாள், யார் வீட்டுக் கல்யாணம் பாக்கியிருக்கிறது என்று மரியசெல்வியிடம் இருந்த தகவல் எங்கள் நிறுவனத்து கம்ப்யூட்டரில்கூடக் கிடையாது. மூன்று நாளில் நான் வாங்காத பதிலை அவர் முக்கால் மணி நேரத்தில் வாங்கினார். எத்தனை பை, என்ன அளவு, மாதம் எத்தனை தடவை லாரி என்று எல்லாம் அவரே கேட்டார். நான் எழுதிக்கொண்டே ஓடினேன். பத்தாவது ஆள் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. தன் பெயரை எழுதி, யோசித்து, அடித்துவிட்டு, பாதுகாப்புக்காகத் தன் மச்சான் பெயரில் கையெழுத்துப் போட்டார்.

கிளம்புமுன் கைப்பையை ரோஸி அக்காவிடம் நீட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் வாங்கவில்லை. "லஞ்சம் குடுத்தத திருப்பி வாங்குத பழக்கம் எங்க குடும்பத்துல கெடையாதும்மா" என்றார்.

ஆட்டோ பிடித்து செம்பூர் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மேடம் பத்து தாளையும் ஒவ்வொன்றாக ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கடைசித் தாளில் நின்றார்.

"பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருக்கிறாரே?"

"அது அவர் மச்சான் பெயர் மேடம்."

"நிஜமாகவே அப்படி ஒரு மச்சான் இருக்கிறாரா?"

"தாராவியில் மச்சானுக்குப் பஞ்சமே இல்லை மேடம்" என்றேன்.

அந்தத் தாளுக்காக நான் மறுபடி தாராவிக்குப் போக வேண்டியிருக்கும் என்று பயந்தேன். ஆனால் அந்த மச்சான் நிஜமாகவே இருந்தார், அவரும் கார்கானாக்காரர்தான், சொன்ன வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். மழைக்காலம் முடிவதற்குள் மெஷின்கள் ஊருக்குப் போய்விட்டன. பதினாறு பேரும் இன்று தைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாராவி வேலை போக, ஸ்கூல் பைகளைச் சொந்தமாகவும் தைத்து வள்ளியூர்ச் சந்தையில் விற்கிறார்கள். போன வருஷம் மரியசெல்வி எனக்கு ஒரு பை அனுப்பியிருந்தார். அதில் தைத்திருந்த லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இன்ஸ்பெக்டர் பேக்ஸ்.' அண்ணாச்சியைப் போனில் பிடித்து என்ன அர்த்தம் என்று கேட்டேன். "எத்தன இழுத்தாலும் விடாதுங்கிற அர்த்தம்தாம்மா" என்றார்.

அப்பா இன்றுவரை தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. அகராதியில் இரண்டு அர்த்தமும் இருக்கிறதாம். தாராவிக்காரர்கள்தான் தப்பான அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்களாம். ஆனால் கதையை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதை அமல்படுத்துவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாதுங்கா வீட்டுக்குப் போய் மணியடித்தால், உள்ளே ஒரு பரபரப்பு கேட்கும். கதவு திறக்கும்போது அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டு மேஜையின் நடுவில் எதன் மேலோ ஒரு வெள்ளைத் துண்டு, துண்டின் மேல் முருகன் படம், முன்னால் ஒரு ஊதுவத்தி.

"என்னப்பா இது?" என்பேன்.

"விருந்தாளி" என்பார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் கும்பிட்டுவிட்டு, அப்புறம்தான் துண்டைத் தூக்குவேன்.